இதயத்தின் எழுத்தை வாசித்த ஐந்தோவன்

நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குச் செல்லும் ஒருவருக்கு முதலிலே நடைபெறுவது யாதென்பதை இன்று யாவரும் அறிவர். கைகளிலும் கால்களிலும் மார்பிலும் சில கம்பிகளைப் பொருத்துகின்றனர். சிறிது நேரம் அசையாது கிடக்கும்படி கூறுகின்றனர். சிறு கட்டங்கள் அச்சிடப்பெற்ற கடதாசி நாடாவொன்று பொறியின் வாயிலிருந்து மெல்ல வெளிவருகின்றது. அந்நாடா செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் வீதம் நகர்கின்றது. அதிலே எழுகின்ற மேடுகளுக்கும் பள்ளங்களுக்கும் பீ, கியூ, ஆர், எஸ், ரீ என்பன பெயர்கள். நாடாவின் வேகத்தை அவ்வாறு விதித்தவரும், அலைகளுக்கு அப்பெயர்களைச் சூட்டியவரும் ஒருவரே. அவர் நோயாளரைப் பார்த்து மருந்து கொடுத்து வாழ்ந்த வைத்தியருமல்லர். பௌதிகத்தையும் கணிதத்தையும் துணைக்கொண்டு உடற்றொழிலை ஆராய்ந்த ஒல்லாந்த நாட்டுப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன் என்பாரே அவர்.

ஒல்லாந்தரெனினும் அவர் பிறந்த மண் ஐரோப்பாவன்று. யாவாத் தீவின் வடகரையிலே சேமாரங் என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கே 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தை யாக்கோப் ஐந்தோவன் படையிலே வைத்தியராயிருந்து, பின்னர் அப்பட்டினத்து வைத்தியராகப் பணியாற்றியவர். பிள்ளைகள் அறுவர், அவருள் மூன்றாமவர் வில்லெம், ஆண்மக்களுள் மூத்தவர். வில்லெமுக்கு ஆறு வயதாயிருக்கும்போதே தந்தை காலமானார். கைம்பெண்ணாகிய தாய் நான்காண்டு காலம் அங்கேயே தங்கியிருந்துவிட்டு, 1870இல் பிள்ளைகள் அறுவரையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி ஒல்லாந்து சென்று உத்திரெக்ட் நகரிலே குடியேறினார். வெப்பநாட்டிலே வளர்ந்த பத்து வயதுச் சிறுவனுக்கு அந்நகரின் பனிக்காலம் எப்படியிருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1878இல் உத்திரெக்ட் பல்கலைக்கழகத்திலே மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். தந்தையின் வழியிலே தானும் கீழைத்தீவுகளுக்குச் சென்று படைவைத்தியராவதென்பதே அவருடைய எண்ணம். அந்த உடன்பாட்டின் பேரிலேயே கல்விக்கான உதவிப்பணமும் அவருக்குக் கிடைத்தது. புத்தகப் பூச்சியாய் அறைக்குள் அடைந்து கிடந்த மாணவரென்று அவரை நினைப்பது பெருந்தவறாகும். தேகப்பயிற்சியிலும் வாட்போர்ப் பயிற்சியிலும் முன்னின்றார். மாணவர்களுக்கான படகோட்டும் கழகமொன்றைத் தாபித்தவர்களுள் ஒருவருமானார். ஒருமுறை கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஏனையோராயின் நோவென்று சொல்லி நாட்களைக் கழித்திருப்பர். அவரோ, கட்டுப்போட்ட கையுடன் வீட்டிலே இருந்தபடியே, முழங்கை மூட்டு எவ்வாறு சுழல்கின்றது, உள்ளங்கை மேலும் கீழும் திரும்புவது எவ்வாறு என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தன் உடலையே கருவியாகவும் வினாவாகவும் கொள்ளும் அந்த மனப்பாங்கு அவரை இறுதிவரையிலும் விட்டகலவில்லை.

அக்காலத்து உத்திரெக்டிலே தொண்டர்ஸ் என்னும் பேரறிஞர் உடற்றொழிலியலைக் கற்பித்துவந்தார். கண்பார்வையைச் சோதிக்க இன்றும் பயன்படும் எழுத்துப் பலகையை ஆக்கிய சினெல்லன் அங்கேதான் கண்வைத்தியராயிருந்தார். இவ்விருவரின் நிழலிலும் ஐந்தோவன் பயின்றார். நிற வேறுபாட்டினால் பொருள்கள் அண்மையிலும் சேய்மையிலும் இருப்பனபோலத் தோன்றும் விந்தையை ஆராய்ந்து 1885இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டிலே லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியற் பேராசிரியர் பதவி வெறுமையாயிற்று. அப்பதவி இருபத்தைந்து வயதே நிரம்பிய ஐந்தோவனைத் தேடி வந்தது. வைத்தியத் தகுதிப் பரீட்சையை முடித்துக்கொண்டு 1886இன் தொடக்கத்திலே அவர் அதனை ஏற்றார். படைவைத்தியராகும் உடன்பாடு முறிந்தமையால், பெற்ற உதவிப்பணத்தை அவர் திருப்பிச் செலுத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் தன் தாய்வழி உறவினளான பிரெதரிக் தெ வோகெல் என்னும் பெண்ணை மணந்தார். நாற்பத்தோராண்டு காலம், இறக்கும்வரையில், லெய்டனை விட்டு அவர் வேறெங்கும் பதவி தேடிப் போகவில்லை.

இனிக் கதை சிறிது இலண்டனுக்குச் செல்லவேண்டும். இதயம் சுருங்கும்போது மிகச்சிறிய மின்னோட்டம் பிறக்கின்றதென்பது, தவளையின் இதயத்தைத் திறந்துவைத்துச் சோதித்தவர்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது. மனிதனுடைய மார்பைத் திறவாமலே அதனைப் பதிவுசெய்ய முடியுமென்று 1887இல் காட்டியவர் ஒகஸ்டஸ் வாலர். சென் மேரி ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியிலே பணியாற்றியவர். நகைச்சுவையும் தாராள மனமும் உடையவர். அவருடைய சோதனைகளிலே பெரும்புகழ் பெற்ற பாத்திரம் ஜிம்மி என்னும் அவரது வளர்ப்பு நாய். உப்புநீர்க் கிண்ணங்களிலே கால்களை வைத்துக்கொண்டு ஜிம்மி பொறுமையாக நிற்க, அதன் இதயத்தின் மின்னசைவைச் சபையோர் கண்டு வியப்பர். 1909இல் இக்காட்சியைப் பற்றிக் கேள்வியுற்ற ஒருவர், நாயைத் துன்புறுத்துகின்றனரென்று பிரித்தானியப் பாராளுமன்றத்திலேயே வினா எழுப்பினார். உப்புநீரிலே கால் நனைப்பதைவிட வேறெத்துன்பமும் அந்நாய்க்கு நேரவில்லை யென்பதை உள்நாட்டு மந்திரி எழுந்து விளக்க வேண்டியதாயிற்று.

வாலர் கையாண்ட கருவி நுண்குழாய் மின்மானி. மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயினுள்ளே இரசமும் ஐதான கந்தக அமிலமும் சந்திக்கும் இடம், மின்னழுத்தம் மாறுந்தோறும் சிறிது ஏறும், சிறிது இறங்கும். அவ்வசைவை ஒளிப்படத் தட்டிலே விழுத்தினால் வளைகோடொன்று கிடைக்கும். ஆனால் இரசம் சோம்பேறி. இதயத்தின் மின்னசைவோ செக்கனின் சிறு பங்கிலேயே ஏறி இறங்கிவிடுவது. இரசம் அதன் பின்னே ஓடி ஓடி, எட்டமுடியாமல் தேங்கிவிடும். ஆகவே வாலர் பெற்ற கோடு மழுங்கிய இரண்டு மேடுகளைத்தான் காட்டிற்று. அதனால் வைத்தியத்துக்குப் பெரும்பயன் விளையுமென்று அவருமே நம்பவில்லை. 1889இல் பாசெல் நகரிலே உடற்றொழிலியலாரின் முதலாவது சருவதேச மாநாடு கூடிற்று. அங்கே வாலர் தன் சோதனையைச் செய்துகாட்டக் கண்டவர்களுள் இளம் பேராசிரியர் ஐந்தோவனும் ஒருவர்.

லெய்டனுக்குத் திரும்பிய ஐந்தோவன் அதே இரசக் கருவியைத்தான் முதலிலே எடுத்துக்கொண்டார். அவருடைய ஆய்வுகூடம் தெருவோரத்திலே இருந்தது. கல் பாவிய அத்தெருவிலே குதிரைவண்டி உருளுந்தோறும் கருவி அதிர்ந்து, பதிவுகள் பாழாயின. நிலத்தை ஆழமாகத் தோண்டிக் கற்களால் நிரப்பி அதன்மீது கருவியை நிறுத்திப் பார்த்தாராம். அப்போதும் அதிர்வு ஓயவில்லையாம். இறுதியிலே அவர் நாடியது கணிதத்தை. இரசம் எவ்வளவு பின்தங்குகின்றதென்பதை அளந்தறிந்து, கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டுத் திருத்தினார். திருத்திய கோட்டிலே, கண்ணுக்குத் தெரியாதிருந்த கூர்முனைகள் வெளிப்பட்டன. மழுங்கிய பழைய கோட்டுக்கு ஏ, பீ, சீ, டீ என்று முன்னர்ப் பெயரிட்டிருந்தபடியால், இப்புதிய கோடு அதனோடு மயங்காதிருக்க வேண்டி, அரிச்சுவடியின் நடுப்பகுதியிலிருந்து ஐந்து எழுத்துக்களை எடுத்து 1895இல் சூட்டினார். தேக்கார்ட் காலத்திலிருந்தே கேத்திரகணிதத்தார் புள்ளிகளைக் குறிக்க அவ்வெழுத்துக்களைக் கொள்வது வழக்கமென்று அறிஞர் காரணம் ஊகிப்பர். முன்னும் பின்னும் எழுத்துக்கள் மிச்சமிருந்தமையால், பிற்காலத்தில் யூ அலையொன்று காணப்பட்டபோது அதற்கும் பெயர் ஆயத்தமாக இருந்தது.

1895 என்னும் அந்த ஆண்டைச் சற்று நினைவிலே வைத்துக்கொள்ளுதல் நன்று. அவ்வாண்டு நவம்பர் 8ஆந் திகதி செருமனியின் வூர்ஸ்பர்க் நகரிலே ரொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அவரும் இளமையிலே ஒல்லாந்திலே வளர்ந்து, உத்திரெக்ட் நகரத்துத் தொழிற்பாடசாலையிலே படித்து, வேறொருவன் வரைந்த கேலிச்சித்திரத்துக்காக விலக்கப்பட்டவர். மனிதவுடலைத் திறவாமல் உள்ளே காண்பதற்கு ஒரே ஆண்டில் இரண்டு வழிகள் புலப்பட்டன. ஆனால் இவ்விரண்டின் கதியும் ஒன்றாக இருக்கவில்லை. எக்ஸ் கதிர் உடலினூடே புகுந்து செல்வது. செல்லுந்தோறும் சிறிது தீங்கையும் இட்டுச் செல்வது. அதனை அறியாமல் கையையே நீட்டிச் சோதித்த முன்னோடிகள் பலர். எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி புண்பட்ட கரங்களை வெட்டி எடுத்த பின்னும் உய்யாமல் 1904இல் இறந்தார். ஹம்பர்க் நகரிலே 1936இல் இத்தகையோருக்காக எழுப்பப்பட்ட நினைவுத்தூணிலே 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. பின்னரும் பெயர்கள் சேர்ந்தன. கதிர்ப் பாதுகாப்புக்கென்று சருவதேசக் குழுவொன்று 1928இல் ஸ்ரொக்ஹோமிலே அமைவதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது. ஐந்தோவனின் முறையோ உடலுக்கு எதையும் கொடுப்பதன்று. உடல் தானாகவே வெளிவிடுவதை வாங்கிக்கொள்வது. ஆதலால் அதனால் நோயாளர் எவருக்கும் புண் உண்டாகவில்லை.

கணக்கிட்டுத் திருத்தும் முறை சரியானதே. எனினும் ஒரு துடிப்பின் கோட்டைத் திருத்துவதற்கே நெடும் பொழுது வேண்டும். வைத்தியசாலைக்கு அது பயன்படாதென்பதை ஐந்தோவன் உணர்ந்தார். திருத்தமே தேவைப்படாத கருவியொன்றை ஆக்கவேண்டுமென்று துணிந்தார். ஆறு ஆண்டு முயற்சியின் பயனாக 1901இல் கம்பிக் கல்வனோமானி தோன்றியது. அதன் தத்துவம் ஒரு சிறுபிள்ளைக்கும் விளங்கும். வலிய மின்காந்தமொன்றின் இரு முனைகளுக்கிடையே மெல்லிய இழையொன்று தொங்குகின்றது. இழையிலே மின் ஓடினால் அது பக்கத்தே விலகும். அவ்விலகலை நுணுக்குக்காட்டியினாலே 600 மடங்கு பெருக்கி, வில்விளக்கின் ஒளியிலே அதன் நிழலை நகரும் ஒளிப்படத் தட்டின்மீது விழுத்தினால், நிழலே எழுதுகோலாகிவிடும்.

தத்துவம் எளிது, இழைதான் அரிது. படிகக்கல்லை உருக்கி, உருகிய துளியை அம்பின் வாலிலே ஒட்டி, வில்லை நாணேற்றி அம்பை எய்வர். அம்பு பறக்கும்போது துளி நீண்டு இழையாகும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அதிலே இரண்டு மூன்று பங்கு பருமனுள்ள அவ்விழை கண்ணுக்கே புலப்படாது. அதன்மீது மின் கடத்தும்பொருட்டு வெள்ளிப் பூச்சிடவேண்டும். இராமாயண காலத்து ஆயுதமாகிய வில்லும் அம்பும் இருபதாம் நூற்றாண்டின் மிக நுண்ணிய மருத்துவக் கருவிக்குப் பிறப்புக் கொடுத்தன என்பதைக் கேட்கும் எம்மவர் புன்முறுவல் பூப்பர். அத்தனை மெல்லிய இழையைத் தாங்கிய கருவியோ ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டு, ஐந்து பேரின் கைவேலையை வேண்டி நின்றது. காந்தம் சூடேறாதிருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். சோதிக்கப்படுபவர் இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்ச் சாடிகளிலே அமிழ்த்தி அமர்ந்திருப்பார்.

அக்கருவி தந்த கோடு, ஐந்தோவன் முன்னர்க் கணக்கிட்டு வரைந்த கோட்டை அப்படியே ஒத்திருந்தது. இதனை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் தாளிலே கணிதத்தால் வருவித்த வடிவத்தை இப்போது இதயமே தன் கையால் எழுதிக் காட்டியது. ஓர் ஆராய்ச்சியாளருக்கு இதனினும் மேலான பரிசு உண்டோ? நோபல் பரிசுகூட அதற்குப் பின்னர்தான் வைக்கப்படவேண்டியதென்பது என் எண்ணம்.

கம்பியொன்றை வைத்துத் தந்திக் குறிகளை வாங்கும் கருவியொன்றைப் பிரான்சிலே கிளெமென்ட் அடேர் என்பவர் 1897இல் ஆக்கியிருந்தார். அதனை ஐந்தோவன் தன் கட்டுரையிலே மறையாமல் குறிப்பிட்டார். அந்த நேர்மை அவருக்கு நட்டமாகவும் முடிந்தது. கருவியைச் செய்து விற்ற மியூனிக் நகரத்துக் கம்பனியொன்று சிலகாலம் அவருக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டு, பின்னர் பங்கு கொடுக்கவேண்டிய கடப்பாடு தனக்கில்லையென்று நிறுத்திக்கொண்டது. அதன்பின் ஐந்தோவன் இங்கிலாந்தை நாடினார். கேம்பிரிட்ஜ் நகரத்து விஞ்ஞானக் கருவிக் கம்பனியை நடத்தியவர் ஹொரஸ் டார்வின். உயிர்க்கூர்ப்புக் கொள்கை கண்ட சாள்ஸ் டார்வினின் மைந்தர். இரண்டு அறைகளை நிறைத்த யந்திரம் அவர்களுடைய கையிலே படிப்படியாகச் சிறுத்து, மேசையளவாகி, உலகெங்கும் சென்றது.

அதற்கு முன்னரே வேறொரு தடை இருந்தது. கருவி ஆய்வுகூடத்திலே, நோயாளரோ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்துக்கப்பால் ஆஸ்பத்திரியிலே. எழுந்து நடக்க இயலாத நோயாளரைக் கருவியிடம் கொண்டுவர முடியாது. கருவியை நோயாளரிடம் கொண்டுபோகவும் முடியாது. ஆகவே ஐந்தோவன் இதயத்தின் மின்னையே தொலைபேசிக் கம்பி வழியாக அழைத்துவந்தார். 1905ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆந் திகதி அவ்வாறு முதற்பதிவு எடுக்கப்பட்டது. முதன்முதலிற் பதிவுக்கு உள்ளானவர் நோயாளரல்லர்; திடகாத்திரமான ஒருவர். அவருடைய ஆர் அலை வழக்கத்திலும் உயர்ந்து காணப்பட்டது. ஆய்வுகூடத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் துவிச்சக்கரவண்டி மிதித்துச் சென்றமையே அதற்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது! இக்காலத்திலே தூரத்து நோயாளரைத் தொலைவிலிருந்தே வைத்தியர் பரிசீலிப்பதைப் புதுமையென்று பாராட்டுவோர் இந்தத் துவிச்சக்கரவண்டிக்காரரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

தொடர்ந்து வந்த பதிவுகளிலே நோய்கள் ஒவ்வொன்றாகத் தம் முத்திரையை இட்டன. இதயத்தின் மேலறைகள் பருத்தமை, கீழறைகள் பருத்தமை, காலந்தவறித் துடிக்கும் துடிப்பு, மேலறையின் ஆணை கீழறைக்கு எட்டாமல் அறுந்துபோகும் இதயத்தடை ஆகியவற்றை 1906இலும் 1908இலும் வெளியிட்ட கட்டுரைகளிலே அவர் காட்டினார். அவர் கண்டவற்றை நோயாளரின் படுக்கையருகே கொண்டுசென்று வளர்த்தவர் இலண்டன் வைத்தியர் தோமஸ் லூயிஸ். கருவி ஒருவரது, நோயின் அறிவு மற்றவரது. இருவரும் கடிதத்தாலும் சந்திப்பாலும் நட்புப் பூண்டனர். லூயிஸ் இல்லாவிடில் தன் கருவி ஆய்வுகூடத்து விளையாட்டுப்பொருளாய் நின்றிருக்குமென்ற உணர்வு ஐந்தோவனுக்கு இருந்தது. நோபல் விரிவுரையிலும் அந்நண்பரின் பணியை அவர் விதந்து பேசினார். 1913இல் ஐந்தோவனும் இரு துணைவரும் வெளியிட்ட கட்டுரையிலே புகழ்பெற்ற முக்கோணம் தோன்றியது. வலக்கை, இடக்கை, இடக்கால் ஆகிய மூன்றும் மூன்று கோணங்கள், நடுவிலே இதயம். மூன்று பக்கங்களின் அளவுகளிலிருந்து இதயத்து மின்விசை எத்திசை நோக்கிப் பாய்கின்றதெனக் கணிக்கலாம். உத்திரெக்டிலே மணிக்கட்டு முறிந்த மாணவன் கண்ட அதே உலகு, உடலைக் கேத்திரகணிதமாகக் காணும் உலகு, இங்கே முழுமை பெற்றது.

1924ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வெளியானபோது அவர் அமெரிக்காவிலே விரிவுரைப் பயணத்தில் இருந்தார். வழிகாட்டிய வாலர் இரண்டாண்டுகளுக்கு முன், 1922இல் மறைந்துவிட்டார். மறைந்தோரைத் தேடிச் சென்று கொடுக்கும் வழக்கம் அப்பரிசுக்கு இல்லை. அது பெருங்குறையே.

பரிசுப் பணத்தைப் பற்றி ஒரு செய்தி வழங்கிவருகின்றது. லெய்டன் ஆய்வுகூடத்திலே வான் தெ வூர்ட் என்றொரு கைவினைஞர் இருந்தார். பேராசிரியரின் எண்ணத்துக்கு இரும்பாலும் செம்பாலும் உருக்கொடுத்தவர் அவர். ஐந்தோவனோ கைவேலையிலே அவ்வளவு திறமுடையவரல்லர். பரிசு கிடைத்தபின் அம்மனிதரைத் தேடிப் பார்த்தபோது அவர் இறந்துவிட்டமை தெரியவந்தது. வறுமையிலே வாழ்ந்துகொண்டிருந்த அவருடைய சகோதரிகள் இருவரையும் ஐந்தோவன் கண்டுபிடித்து, பரிசிலே பாதியை அவர்களிடம் சேர்ப்பித்தார் என்பர்.

ஐந்தோவனின் கருவியும் ரொன்ட்ஜனின் கதிரும் மீண்டும் ஒருமுறை சந்தித்தமை ஈண்டுக் கூறத்தக்கது. இதயத்தின் இரத்தக் குழாய்களைக் கணினிக் கதிர்ப்படக் கருவியாலே படம்பிடிக்கையில், துடித்துக்கொண்டேயிருக்கும் உறுப்பைப் பிடிப்பது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. ஓயாது கதிரைப் பாய்ச்சிவிட்டு, வேண்டிய கணத்தின் படத்தைப் பின்னர் பொறுக்கி எடுப்பது ஒருமுறை. அதனால் நோயாளர் ஏற்கும் கதிரின் அளவு மிகும். நோயாளரின் மார்பிலே கம்பிகளைப் பொருத்தி, ஆர் அலை தோன்றும் நேரத்தை அடையாளமாகக் கொண்டு, இரு துடிப்புகளுக்கிடையே இதயம் ஓரளவு அமைதியுற்றிருக்கும் கணத்திலே மாத்திரம் கதிரைப் பாய்ச்சுவது மற்றொரு முறை. இதிலே கதிரின் அளவு பெரிதுங் குறைகின்றது. துடிப்பு ஒழுங்காயும் மெதுவாயும் இருந்தால்தான் இது நன்கு பலிக்கும். ஆகையாலே படம்பிடிக்குமுன் துடிப்பை அடக்கும் மருந்து கொடுப்பதும் உண்டு. 1895இன் இரு குழந்தைகளுள் ஒன்று மற்றதன் துடுக்கை அடக்கும் காவலாக நிற்கின்றது.

ஐந்தோவனின் இறுதியாண்டுகள் ஓய்ந்திருக்கவில்லை. மின்பொறியியலாளராகிய மகனும் வில்லெம் என்னும் பெயரினரே. தந்தையும் மகனும் சேர்ந்து கம்பியை வெற்றிடத்தினுள்ளே அமைத்து, அதன் பருமனை மேலும் குறைத்தனர். அவ்விழை யாவாவிலிருந்து கடல்கடந்து வந்த வானொலித் தந்திக் குறிகளைப் பெறவல்லதாயிருந்தது. தந்தை பிறந்த தீவின் குரலை, தந்தையின் கம்பி லெய்டனிலே கேட்டது. 1926இல் இலண்டன் றோயல் சங்கம் அவரைத் தன் பிறநாட்டு அங்கத்தவராக்கியது. நெடுங்காலம் நோயுற்று வருந்தி, 1927ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 29ஆந் திகதி லெய்டனிலே அவர் காலமானார். அயலிலுள்ள ஊக்ஸ்ட்கெஸ்ட் என்னும் ஊரின் தேவாலயத்து மயானத்திலே அடக்கம் செய்யப்பட்டார்.

மகன் வில்லெம் யாவாவின் பண்டுங் நகரத்து வானொலி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரானார். உலகப்போரிலே அத்தீவு யப்பானியர் வசமாயிற்று, அவர் சிறைப்பட்டார். 1945இல் சிறையிலேயே இறந்தார்.